துண்டுக்குள் பொய் இல்லை

ஒரு மனிதனைத் தூங்க வைக்க நாற்பத்தையாயிரம் ரூபாய். திரும்ப எழுப்புவதற்குத் தனியாக ஒன்றும் போடவில்லை.

ஆஸ்பத்திரி கொடுத்த செலவு மதிப்பீட்டைச் சத்தியநாராயணன் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை வாசித்தார். சர்ஜனுக்கு ஒரு தொகை, தியேட்டருக்கு ஒரு தொகை, கட்டிலுக்கு, மருந்துக்கு, கையுறைக்குக்கூட ஒரு தொகை. எழுப்பும் வேலைக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை.

"என்ன விசாலம், எழுப்புறது ஃப்ரீயா?"

"காலங்காத்தால அபசகுனமா பேசாதீங்க," என்றாள் மனைவி.

"ஃப்ரீயா குடுக்கிற சாமானுக்கு கேரண்டி இருக்காது. அதான் கேட்டேன்."

கொழும்புப் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் காலமெல்லாம் செத்தல் மிளகாய்த் தரகு பார்த்தவர் வேறெப்படிப் பேசுவார்? பித்தப்பையில் கல் என்று ஸ்கேன் சொன்னபோதே, "எத்தனை? சைஸ் என்ன?" என்று கேட்டவர் அவர். வலியை மகளுக்கு மறைத்துச் சுக்குத் தண்ணீர் குடித்து, கடைசியில் கடை வாசலில் மடிந்து உட்கார்ந்தது போன வாரம்தான்.

இன்று ஆபரேஷன்.

மகள் லக்ஷ்மிப்பிரியா மயக்க மருந்து டொக்டர். கொட்டாஞ்சேனை வீட்டைவிட்டு வெள்ளவத்தையில் தனியாக ஃப்ளாட் எடுத்து எட்டு வருடமாகிறது. அப்பாவோடு பேச்சு, தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன்.

அவள் அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்த அன்றே தகராறு ஆரம்பமாயிற்று. தனியார் ஆஸ்பத்திரி வாசலில் டொக்டர்மாரின் பெயர்ப் பலகை நிற்கும். ஆட்கள் பெயரைச் சொல்லிச் சனல் பண்ணுவார்கள், காசு கட்டி நம்பர் எடுப்பார்கள். கண் டொக்டருக்கு நம்பர் உண்டு, தோல் டொக்டருக்கு நம்பர் உண்டு. மயக்க மருந்து டொக்டரை எவரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை.

"போர்டு இல்லாத கடையா?" என்றார் சத்தியநாராயணன். "சரக்கு எவ்வளவு நல்லா இருந்தா என்ன, யார் கடைன்னே தெரியாம வாங்கிட்டுப் போவான். முழிச்சதும் சர்ஜன் காலைத் தொட்டுக் கும்பிடுவான். உன்னை யாருன்னு கேப்பான்."

தகராறு முறிவாக மாறியது லவன் விஷயத்தில்.

லவன் வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள், வெள்ளவத்தையில் இருப்பவர்கள். ஹெவ்லொக் டவுனில் டியூஷனுக்குப் போன காலத்திலிருந்து இருவருக்கும் பழக்கம். இரண்டு வீடும் ஒரு வழியாக இறங்கி வந்து மோதிரமும் மாற்றியாயிற்று. பிறகு ஒருநாள் சத்தியநாராயணன் வந்து, "அந்த மயக்க மருந்துப் படிப்பை விட்டாத்தான் கல்யாணம்னு அவங்க சொல்றாங்க" என்றார்.

லக்ஷ்மி வாதாடவில்லை. மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். லவனின் போனையும் எடுக்கவில்லை. தானே வாய் திறந்து கேட்காமல் அப்பாவைத் தூது அனுப்பினானே என்பதுதான் அவளைச் சுட்டது.

லவன் இப்போது குடும்பஸ்தன். காலையில் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக் காலி ஊருக்குப் போகும் பெருவீதியைக் கடந்து நர்சரிக்குக் கூட்டிப் போவான். சில நாட்களில் லக்ஷ்மியின் கார்தான் பாதசாரிக் கடவையில் நின்று வழிவிடும். அவன் கையைத் தூக்கி நன்றி சொல்வான், ஓட்டுகிறவர் யாரென்று பாராமலே.

*

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சத்தியநாராயணன் காரைப் புறக்கோட்டையில் நிறுத்தச் சொன்னார்.

"பக்கத்துக் கடை பஸீர் நானாகிட்ட கடைச் சாவியைக் குடுத்திட்டு வந்திடறேன்."

சாவி கொடுக்கக் கால் மணி நேரம் பிடித்தது. திரும்பி வந்தவர் முகம் தெளிந்திருந்தது. பயம் போய்விட்டது போலும் என்று விசாலம் நினைத்துக்கொண்டாள்.

சொந்தத் தகப்பனுக்குத் தானே மயக்க மருந்து கொடுப்பதை டொக்டர்மார் தவிர்ப்பார்கள். கை நடுங்காவிட்டாலும் மனம் நடுங்கும். ஆகவே லக்ஷ்மியின் சிநேகிதி டொக்டர் ஹபீலா அந்த வேலையை ஏற்றிருந்தாள். லக்ஷ்மி பச்சை உடுப்புப் போட்டு, கூட நிற்க மட்டும் வந்திருந்தாள்.

"அங்கிள், பல் ஏதாவது ஆடுதா?" ஹபீலா கேட்டாள்.

"ஒண்ணு ஆடுது. விலைக்குப் போகாது."

"சிகரெட்?"

"விட்டாச்சும்மா."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

ஹபீலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கடைசியா சாப்பிட்டது?"

"நேத்து ராத்திரி. நாலு இடியாப்பம், சொதி."

"காலைல டீ, பால், ஒண்டும் இல்லையே? பாலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆறு மணித்தியாலம் எண்டு சொன்ன ஞாபகம் இருக்கா?"

"பச்சைத் தண்ணி படல."

டிராலி தள்ளியவர், "மாத்தயா, பய வென்ன எபா" என்று சிங்களத்தில் தைரியம் சொன்னார். "பயமா? எனக்கா?" என்று தமிழில் பதில் சொல்லிவிட்டு, சத்தியநாராயணன் டிராலியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தியேட்டரில் மேசைக்கு மாற்றிப் படுக்க வைத்துக் கழுத்துவரை பச்சைத் துணி போர்த்தினார்கள். ஹபீலா மருந்து ஊசிகளை அடுக்கினாள். லக்ஷ்மி அப்பாவின் தலைமாட்டில் குனிந்து தலையணையைச் சரி செய்தாள்.

கிராம்பு வாசம்.

அவள் கை நின்றது. சத்தியநாராயணன் சாப்பிட்டு முடித்தால் ஒரு கிராம்பை வாயில் போடுவார். சும்மா இருக்கும்போது போடமாட்டார். கிராம்பு விற்கிற விலைக்கு அது அநியாயம் என்பார். அந்த வாசம் வந்தால் அவர் எங்கோ சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று சின்ன வயதிலேயே அவளுக்குத் தெரியும்.

வயிற்றில் உணவோடு ஒருவரை மயக்கினால் அது மேலெழுந்து நுரையீரலுக்குள் இறங்கலாம். இறங்கினால் சிலர் எழும்புவதில்லை. அப்படி எழும்பாத ஒருவரை, பயிற்சிக் காலத்தில், அவள் பார்த்திருக்கிறாள்.

கேட்டால் அப்பா மறுப்பார். சபையில் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளல்ல.

அவள் பச்சைத் துணிக்கு அடியில் கையை விட்டு அவர் கையைப் பிடித்தாள்.

தரகர்கள் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். தோள் துண்டை இருவர் கைமேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரல் இரண்டு, கை முழுவதும் ஐந்து. வெளியே வாய் எந்தப் பொய்யும் சொல்லலாம், அது வியாபாரம். துண்டுக்குள் பொய் சொன்னவனின் கையை மறுபடி சந்தையில் எவரும் தொடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை டொஃபி வேண்டும் என்று அப்பாவோடு துண்டுக்குள் பேரம் பேசி வளர்ந்தவள் லக்ஷ்மி.

"அப்பா, சாப்பிட்டு எத்தனை மணித்தியாலம்? வாயால சொல்லாதீங்க."

சத்தியநாராயணன் மேலே விளக்கைப் பார்த்தார். வாய் இறுக மூடியிருந்தது. துணிக்கு அடியில் அவர் கை மெதுவாக அசைந்து, அவளுடைய ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தது.

"ஹபீ, நிப்பாட்டு," என்றாள் லக்ஷ்மி. "ரெண்டு மணித்தியாலம்தான் ஆகுது."

சர்ஜன் கையுறையைக் கழற்றி எறிந்தார். "மயக்க மருந்து டொக்டரின் வீட்டுக்கே இந்த விதி போய்ச் சேரவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனார். லக்ஷ்மி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

*

ஆஸ்பத்திரி வாட்டில் தந்தையும் மகளும் தனியாக இருந்தார்கள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"பால் டீ. ரெண்டு உளுந்து வடை. பஸீர் நானாதான் சொன்னான், டொக்டர்மார் ஆறுன்னு சொன்னா நாலுன்னு அர்த்தம்னு."

"நீங்க ரெண்டுக்கே வந்திட்டீங்களே."

"அது கொஞ்சம் ஜாஸ்தியா இறக்கிட்டேன்தான்." அவர் குரல் தாழ்ந்தது. "ஆறுன்னா ஆறேதானா?"

"ஆறுன்னா ஆறுதாம்பா. எங்க கடைல கறார் விலை."

அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். எந்தச் சரக்கிலும் குறை கண்டுபிடிக்கிற கண், குறை காணாமல் திரும்பியது.

"மூக்கு நல்லா வேலை செய்யுது," என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் லக்ஷ்மி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள்.

மாலையில் தியேட்டரில் ஓர் இடம் கிடைத்தது. அதுவரை காத்திருக்க வேண்டும். லக்ஷ்மி வெளியே வந்தபோது விசாலம் வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஒண்ணும் ஆகலம்மா. சாயந்தரம் செய்வாங்க."

"நீ கண்டுபிடிக்காட்டி?"

"கண்டுபிடிச்சாச்சே."

விசாலம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கிராம்பைக் கண்டுபிடிச்சே. இன்னொண்ணும் இருக்கு லச்சு. வெள்ளிக்கிழமையில இருந்து எனக்குச் சோறு இறங்கல."

"என்ன?"

"தியாகராசா வீட்டுக்கு வந்தாரு."

"லவனோட அப்பாவா?"

"அவருதான். அவர் சம்சாரம் சிவமணிக்கு இடுப்பு எலும்புல ஆபரேஷனாம், வர்ற புதன்கிழமை. மயக்க மருந்து நீதான் குடுக்கணும்னு பிடிவாதமா நிக்கிறாங்களாம். உன் பேரைச் சொல்லிக் கேட்டுட்டு வரச் சொன்னாங்களாம்."

லக்ஷ்மிக்கு முதலில் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். பெயரைச் சொல்லி.

"அப்பா என்ன சொன்னார்?"

"சொல்றேன்னாரு. உன்கிட்ட சொல்லல. அதில்ல விஷயம்." விசாலம் தியாகராசாவின் பேச்சை அப்படியே சொல்லிக்காட்டினாள். "'முந்தியும் சிவமணின்ர ஆசை அதுதானே அம்மா. அவக்கு முதல் ஆபரேஷன் நடந்த நேரம் பயத்தில நடுங்கினவ. மயக்க மருந்து டொக்டர்தான் கையைப் பிடிச்சுக் கதைச்சவர். அவற்ற பேரை இண்டைக்கும் சொல்லுவா. அப்பிடி ஒரு டொக்டர் மருமகளா வாறா எண்டு வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிஞ்சவ. பிறகு பிள்ளைக்கு விருப்பமில்லை எண்டு நீங்கள்தானே மோதிரத்தைத் திருப்பி அனுப்பினனீங்கள்...'"

லக்ஷ்மி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வீட்ல யாருமே படிப்பை விடச் சொல்லலையாம் லச்சு."

காரிடோரில் யாரோ ஒரு குழந்தையை மெல்ல அதட்டிக்கொண்டு போனார்கள். லக்ஷ்மி தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்துக்கு முன் அந்தக் கைக்குள் ஒரு போன் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. ஒரு தடவை எடுத்து, "நீ சொன்னியா?" என்று கேட்டிருந்தால் போதும். ஆயிரம் பேரிடம் ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் ஊசியைத் தொடுகிறவள், தன் காரியத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நான் உங்கப்பாகிட்ட கேக்கவா?" என்றாள் விசாலம்.

"வேணாம்மா. ஆபரேஷனுக்கு முன்னால யாரும் எதுவும் கேக்கக்கூடாது. பிரஷர் ஏறும்."

*

மாலையில் இரண்டாம் தடவையாக அதே மேசை, அதே பச்சைத் துணி. இந்தத் தடவை கிராம்பு இல்லை.

லக்ஷ்மி தலைமாட்டில் நின்றாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. சத்தியநாராயணனுக்கு அது போதும். வாங்க வந்தவன் கண்ணைப் பார்த்தே கையிருப்பைச் சொல்கிறவர் அவர்.

"உங்கம்மா சொல்லிட்டாளா?"

"அப்புறம் பேசலாம்ப்பா."

"கேளு. துண்டுக்குள்ள கேளு."

"இப்ப வேணாம். இதயம் வேகமா அடிக்கும்."

"அடிக்கட்டும். எழும்பலைன்னா யாரு சொல்றது?"

துணிக்கு அடியில் அவர் கை விரித்துக் காத்திருந்தது. லக்ஷ்மி ஹபீலாவைப் பார்த்தாள். ஹபீலா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

லக்ஷ்மி கையை உள்ளே விட்டாள்.

"படிப்பை விடணும்னு கேட்டது யாரு? அவங்கன்னா ஒண்ணு. நீங்கன்னா ரெண்டு."

சுவரில் மானிட்டர் ஒரே சீராக அடித்தது. பிறகு கொஞ்சம் விரைந்தது. விரைவு கூடியது.

இரண்டு விரல்.

"என்ன ரெண்டு பேரும் கதைக்கிறீங்க? ஹார்ட் ரேட் ஏறுது," என்றாள் ஹபீலா.

சத்தியநாராயணன் விரல்களை விடவில்லை. "நான் நூறுன்னு சொன்னேன் லச்சு. நீ எண்பதுக்குக் கேப்பேன்னு பார்த்தேன். மயக்க மருந்தை விட்டுட்டுக் கண்ணுக்கோ தோலுக்கோ படிக்கிறேன்னு வருவே, லவனையும் கட்டிக்கலாம்னு... நீ பேரமே பேசல. எழும்பிப் போயிட்டே."

"ஏன்ப்பா திரும்பக் கூப்பிடல?"

"போற ஆளைத் திரும்பக் கூப்பிட்டா விலை இறங்கிடும்." அவர் கண்ணோரம் நனைந்து காதுப் பக்கமாக வழிந்தது. "அதான் கூப்பிடல."

ஹபீலா அவர் நெற்றியைத் தொட்டாள். "அங்கிள், இப்ப தூங்கப் போறீங்க. நல்லா மூச்சை இழுங்க."

மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடியது. மருந்து ஏறியது. பேசிப் பேசியே பிழைத்த வாய் முதலில் தளர்ந்தது, பிறகு கண்ணிமை. கடைசியாக அந்த இரண்டு விரல்களின் பிடி.

சந்தையில் பிடி தளர்ந்தால் பேரம் முறிந்தது என்று அர்த்தம். இங்கே மருந்து வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். லக்ஷ்மிக்கு அது தெரியும். ஆனாலும் கையை எடுக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

பிறகு அவளுக்கு வேலையில்லை. மற்ற நாளென்றால் அவள் அந்த முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சையும் கவனிப்பாள். இன்று ஹபீலா கவனித்தாள். லக்ஷ்மி சுவரோரம் நின்று, யாரோ ஒருத்தி மாதிரி, அப்பாவின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அதை வைத்துக்கொள்ள இடமில்லை. மயங்கிக் கிடக்கிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? எழுந்தபிறகும், எதைக் கேட்பது? லவனின் மகளுக்கு நாலு வயது. அந்தக் குழந்தை சாலையைக் கடந்து போய்விட்டது.

*

கற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். விசாலம் அதைப் பார்க்க மறுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

மீட்பு அறையில் சத்தியநாராயணன் கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார். ஹபீலாவைப் பார்த்தார். பிறகு கண்ணை அலையவிட்டு மகளைக் கண்டுபிடித்தார்.

"எழுப்பிட்டீங்களா?"

"எழுப்பியாச்சு அங்கிள்," என்றாள் ஹபீலா.

அவர் கேட்டது அவளையல்ல. உதடு காய்ந்திருந்தது. "லச்சு... எழுப்பினதுக்கு எவ்வளவு?"

"அதுக்கு பில் போடல," என்றாள் லக்ஷ்மி. "உங்க பேர்ல நிக்குது."

அவர் சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது. போர்வைக்கு அடியில் அவர் கை நகர்ந்து கட்டில் விளிம்புவரை வந்து, விரித்தபடி கிடந்தது.

லக்ஷ்மி நெடுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு போர்வைக்குள் கையை விட்டு அவர் கைமேல் வைத்தாள். எந்த விரலையும் பிடிக்கவில்லை. அவரும் பிடிக்கவில்லை. சந்தையில் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு: சரக்கைப் பார்த்தாயிற்று, விலை இன்னும் சொல்லவில்லை.

மற்றக் கையில் அவளுடைய போன் இருந்தது. தியாகராசாவின் நம்பரை விசாலம் அனுப்பியிருந்தாள். புதன்கிழமை சிவமணியைத் தியேட்டருக்குள் அனுப்பும்போது, கையெழுத்துப் போட மகன் லவன்தான் வந்து நிற்பான். அவனிடமும் அவள் கேட்க வேண்டும்: அம்மா வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா, கடைசியாக என்ன சாப்பிட்டார், எப்போது?

அன்றைய கணக்கு இவ்வளவுதான். தூங்க வைத்ததற்கு நாற்பத்தையாயிரம், கவுண்டரில் கட்டி ரசீது வாங்கியாயிற்று. ஒரு மோதிரத்துக்கும் எட்டு வருடத்துக்கும் வரவு இரண்டு விரல். பெயர் சொல்லிக் கேட்ட ஓர் அம்மாவுக்குப் பதில் ஒன்று, இன்னும் அனுப்பவில்லை. எழுப்பியதற்கு, நிலுவை.